ஏற்காட்டில் ஒரு பழைய ஊர் நடை: 400 ரூபாய் கொடுக்கலாமா?

சேலத்துக்காரர்களுக்கு ஏற்காடு என்றால் ஒரே கணக்குதான். காலையில் கோரிமேட்டைத் தாண்டி அடிவாரம், அங்கிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு, மேலே போனதும் ஏரியில் படகு, லேடீஸ் சீட், பகோடா பாயின்ட், ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி, பை நிறையக் கொய்யா, இருட்டுவதற்குள் வீடு. அந்தக் கணக்கில் வராத இன்னொரு ஏற்காடு இருக்கிறது. இருநூறு வருஷத்துக்கு முன்னால் வெள்ளைக்காரர்கள் தங்கள் ஊர்க் கிராமத்தை மனதில் வைத்துக்கொண்டு கட்டிய ஏற்காடு. அதைக் காட்டுவதற்கென்றே உள்ளூர்த் தம்பி ஒருவர் காலை நடை ஒன்று நடத்துகிறார். தலைக்கு 400 ரூபாய். பொங்கல் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் என் தங்கையும் போனோம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கொடுத்த காசு தகும். குறைகளும் உண்டு, அவற்றில் ஒன்று பெரிய குறை.

இந்த மாதிரி நடையில் எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று சொன்னால்தான் நான் எதை வைத்து எடைபோடுகிறேன் என்பது புரியும். நான் அஞ்சல் துறையில் இருந்து ஓய்வு பெற்றவள். மகன் இங்கிலாந்தில் ஷெஃபீல்டில் இருக்கிறான். அங்கே போயிருந்தபோது ஒரு நாள் காரில் ஈம் என்ற கிராமத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். டெர்பிஷயர் மலைப்பக்கம். சின்ன ஊர். ஒரு நீளத் தெரு, கல் வீடுகள், புனித லாரன்ஸ் பெயரில் ஒரு தேவாலயம், சுற்றிலும் ஆடு மேயும் மேடு. பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்றுதான் முதலில் தோன்றும்.

1665-ல் லண்டனில் பிளேக் நோய் பரவியிருந்த சமயம், இந்த ஊர்த் தையற்காரர் வீட்டுக்கு அங்கிருந்து ஒரு துணி மூட்டை வந்தது. அதைப் பிரித்து உலர்த்திய ஜார்ஜ் விக்கர்ஸ் என்ற உதவியாளர் சில நாட்களில் இறந்துபோனார். அப்புறம் வீடு வீடாகப் பரவியது. மறு வருஷம் கோடையில் ஊர்ப் பாதிரியார் வில்லியம் மாம்பெசனும், அவருக்கு முன்பு அந்தப் பொறுப்பில் இருந்த தாமஸ் ஸ்டான்லியும் ஊராரைக் கூட்டிப் பேசினார்கள். யாரும் எல்லையைத் தாண்டுவதில்லை, நோயை அக்கம்பக்கத்துக்குக் கொண்டுபோவதில்லை என்று ஊரே முடிவெடுத்தது. 14 மாதத்தில் சுமார் 260 பேர் செத்துப்போனார்கள். மாம்பெசனின் மனைவி கேத்தரினும் போய்விட்டார். எலிசபெத் ஹான்காக் என்ற பெண் எட்டே நாளில் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் பறிகொடுத்து, தன் கையாலேயே குழி தோண்டிப் புதைத்திருக்கிறார்.

ஊருக்கு வெளியே ஒரு எல்லைக்கல் கிடக்கிறது. அதன் மேலே ஆறு குழிகள். அந்தக் குழிகளில் வினிகரை ஊற்றிக் காசைப் போட்டுவிட்டு ஈம்காரர்கள் தள்ளிப் போய்விடுவார்களாம். பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து சாப்பாட்டுச் சாமான்களை வைத்துவிட்டு அந்தக் காசை எடுத்துக்கொண்டு போவார்களாம். ஒரு குழிக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். ஓரமெல்லாம் வழவழவென்று தேய்ந்திருந்தது. வருகிற பிள்ளைகள் எல்லாம் விரலை விட்டு விட்டே தேய்ந்தது என்று மகன் சொன்னான்.

என்னைப் பிடித்துக்கொண்டது இந்தக் கதை மட்டும் இல்லை. நோய் புகுந்த வீடுகளின் முன்னால் பலகை வைத்திருக்கிறார்கள். இந்த வீட்டில் இன்னார் இருந்தார், இந்தத் தேதியில் இறந்தார், அடுத்து இன்னார் என்று பெயர் பெயராக. வீட்டுக்குள் இப்போதும் ஆட்கள் குடியிருக்கிறார்கள், ஜன்னலில் பூத்தொட்டி இருக்கிறது. தெருவில் நடந்துபோகிறவர் யாராக இருந்தாலும் நின்று படித்துவிட்டுப் போகிறார். வழிகாட்டி கூட வேண்டாம், அந்தத் தெருவே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது.

ஊருக்குத் திரும்பி ஏற்காடு போனபோதெல்லாம் எனக்கு அந்தப் பலகைகள்தான் ஞாபகம் வந்தன. ஏற்காட்டிலும் அதே மாதிரிக் கல் கட்டடம், தேவாலயம், கல்லறைத் தோட்டம், புகைக்கூண்டு வைத்த பங்களா எல்லாம் இருக்கின்றன. ஆனால் இது யாருடைய வீடு, இங்கே என்ன நடந்தது என்று சொல்ல நான் பார்த்த வரையில் ஒன்றும் இல்லை. அதனால்தான் இந்த நடையைப் பற்றிக் கேள்விப்பட்டதும் தங்கையையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

ஏழு மணிக்கு ஒண்டிக்கடைப் பக்கம் வரச் சொல்லியிருந்தார். நாங்கள் முந்தின நாளே மேலே போய்த் தங்கிவிட்டோம். அன்றைக்கே முதல் பஸ்ஸைப் பிடித்து வந்த ஒரு குடும்பத்துக்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்தோம், எங்களோடு சேர்த்து மொத்தம் பதினோரு பேர். பனி கண்ணை மறைத்தது. தம்பிக்கு முப்பது வயது இருக்கும், எஸ்டேட் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் பிறந்து வளர்ந்தவர். "வாங்கம்மா, மெதுவா நடக்கலாம், அவசரமே இல்லீங்க" என்று ஆரம்பித்தார். சொன்னபடியே வயதானவர்களுக்கு ஏற்ற வேகத்தில்தான் கடைசி வரை நடந்தார். இது சின்ன விஷயம் இல்லை.

சேலத்துப் பக்கம் கும்பினி, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனி, கைக்கு எப்படிப் போனது என்பதிலிருந்து தொடங்கினார். 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தான் விட்டுக்கொடுத்த பகுதிகளில் பாரமகாலும் (இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம்) சேலமும் அடக்கம். அலெக்ஸாண்டர் ரீட் முதல் கலெக்டர். பிற்பாடு சென்னை மாகாண கவர்னரான தாமஸ் மன்றோ அப்போது அவருக்கு உதவியாளர். கீழே வெயிலும் காய்ச்சலும் தாங்காத துரைமார்களுக்கு மேலே இருந்த இந்த மலை கண்ணில் பட்டதில் ஆச்சரியம் இல்லை. 1820-களில் கலெக்டராக இருந்த எம். டி. காக்பர்ன்தான் இங்கே காபிச் செடியை வைத்தவர். பேரியும் ஆப்பிளும் கொண்டுவந்து நட்டுப் பார்த்தவரும் அவரே. ஏற்காட்டின் தந்தை என்று அவரைச் சொல்வது வழக்கம். அவருடைய பெயரோடு சேர்த்துப் பேசப்படும் கிரேஞ்ச் பங்களாவை வெளியில் நின்றுதான் பார்க்க முடிந்தது, தனியார் இடம். கேட் வழியாகக் கூரையும் மரங்களும் தெரிந்தன, அவ்வளவுதான். கட்டணம் வாங்கும்போதே இதைச் சொல்லியிருக்கலாம். எங்கள் கூட்டத்தில் ஒருவர் உள்ளே போகலாம் என்றே நினைத்து வந்திருந்தார்.

காக்பர்னுடைய மகள் மார்கரெட் 1829-ல் சேலத்தில் பிறந்தவர் என்பதைத் தம்பி சொல்லவில்லை, நான் படித்து வைத்திருந்தேன். பிற்காலத்தில் நீலகிரியில் இருந்துகொண்டு பறவைகளையும் பூக்களையும் ஓவியமாக வரைந்தவர், பறவைகளைப் பற்றிக் குறிப்பும் எழுதியவர். இதையும் சேர்த்துக்கொண்டால் நன்றாக இருக்கும் என்று சொன்னேன். உடனே சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டார். கேட்டுக்கொள்கிற மனசு இருக்கிறது.

அங்கிருந்து காபித் தோட்டத்தின் ஓரமாக ஒரு ஒற்றையடிப் பாதை. பழம் பறிக்கிற காலம். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருக்க, கீழே செடிகளில் சிவப்பும் பச்சையுமாகக் காய்கள். ஒரு பழத்தைப் பிதுக்கி, வழுவழுப்பான தோலுக்குள்ளிருந்து இரண்டு கொட்டைகள் வருவதைக் குழந்தைகளுக்குக் காட்டினார். கோடையில் ஒரு நல்ல மழை விழுந்தால் பத்து நாளைக்குள் செடியெல்லாம் வெள்ளையாகப் பூத்துவிடும், மல்லிகை வாசம் அடிக்கும், அப்போது வாருங்கள் என்றார். அந்த நடையை நான் ஒருபோதும் தவறவிட மாட்டேன்.

இந்தக் காலையில் எனக்குப் பெரிதாகப் பட்டது ஹோலி டிரினிட்டி தேவாலயம்தான். ஆங்கிலேயக் கிராமம் எதை எடுத்தாலும் நடுவே தேவாலயமும் அதை ஒட்டிக் கல்லறைகளும் இருக்கும். ஈமிலும் அதுதான், இங்கேயும் அதுதான். பிழைக்க வந்த இடத்திலும் அந்த அமைப்பை அவர்கள் விடவில்லை. பாசி படிந்த ஒரு கல்லின் முன்னால் நின்று, தண்ணீர் பாட்டிலைத் திறந்து மேலிருந்து மெதுவாக ஊற்றினார் தம்பி. ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்த கல்லில் எழுத்து ஒவ்வொன்றாகக் கறுத்து எழுந்து வந்தது. கையால் தேய்க்கவில்லை, கத்தியால் சுரண்டவில்லை. "சுரண்டினா எழுத்தும் சேர்ந்து போயிடும்மா" என்றார். அது ஒரு சின்னக் குழந்தையின் கல். வயதை மாதக் கணக்கில் வெட்டியிருந்தார்கள். என் தங்கை அங்கேயே நின்றுவிட்டாள், அவளைக் கூப்பிட்டுத்தான் அழைத்துப் போக வேண்டியிருந்தது.

ராபர்ட் புரூஸ் ஃபூட்டுக்கு நினைவிடம் இந்த வளாகத்தில்தான் இருக்கிறது. இந்தப் பெயரைப் பள்ளிப் பாடத்தில் படித்தவர்கள் எத்தனை பேர் அவர் ஏற்காட்டுக்காரர் என்று அறிவார்கள்? 1858-ல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தவர். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ஒரு கல் கருவியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்கு முதல் சான்றாக நின்றது அந்தக் கைக்கோடாரி. அதே வருஷம் வில்லியம் கிங்கோடு சேர்ந்து அத்திரம்பாக்கத்தையும் கண்டுபிடித்தார். அத்திரம்பாக்கத்துக் கருவிகளுக்கு 15 லட்சம் வருஷம் வயது என்று 2011-ல் ஆய்வு முடிவு வந்தது நினைவிருக்கும். ஓய்வு பெற்றபின் ஃபூட் ஏற்காட்டில் ஐவி காட்டேஜ் என்ற வீட்டில் குடியிருந்தார். 1912 டிசம்பரில் கல்கத்தாவில் இறந்தார், அஸ்தியை இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். அவர் சேர்த்த கற்கருவிகள் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போயின.

அவருடைய மாமனார் யார் என்று தம்பி கேட்டார். எங்களில் யாருக்கும் தெரியவில்லை. பீட்டர் பெர்சிவல். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைத் துணைக்கு வைத்துக்கொண்டு பைபிளைத் தமிழில் பெயர்த்த அதே பெர்சிவல் பாதிரியார்! பிறகு சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தார். ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டி 1874-ல் வெளியிட்டார். 1882-ல் இதே ஏற்காட்டில்தான் காலமானார். சேலத்தில் இத்தனை வருஷம் இருந்தும் எங்களுக்கு இது தெரியாது. தமிழுக்கு உழைத்த ஒருவர் கடைசிக் காலத்தைக் கழித்த ஊர் என்று ஏரிக்கரையில் ஒரு பலகை வைத்தால் என்ன? தமிழ் ஆசிரியர்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வரமாட்டார்களா?

அதன்பிறகு மான்ட்ஃபோர்ட் பள்ளியைச் சாலையில் இருந்தபடியே பார்த்தோம். 1917-ல் தொடங்கியது. பழைய பங்களாக்கள் இரண்டு மூன்றை வெளியிலிருந்து காட்டினார். கணப்புக்கான புகைக்கூண்டை மட்டும் வைத்து எது பழசு, எது பழசு மாதிரிக் கட்டிய புது ரிசார்ட் என்று கண்டுபிடிக்கச் சொல்லிக்கொடுத்தது நன்றாக இருந்தது. பத்தே கால் மணிக்கு ஏரிக்கரையில் முடிந்தது.

சரி, குறைகளுக்கு வருகிறேன். பதினோரு பேர் என்பது அதிகம். ஒற்றையடிப் பாதையில் வரிசையாகப் போகும்போது பின்னால் வருகிறவர்களுக்கு ஒன்றும் காதில் விழவில்லை. ஆறேழு பேரோடு நிறுத்திக்கொண்டு கட்டணத்தை 500 ஆக்கினாலும் நான் கொடுப்பேன். வழியில் கழிப்பறை கிடையாது, மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும் நடைக்கு இதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். முடிக்கிற இடத்தில் ஒரு காபித்தூள் கடைக்குள் கூட்டிப்போனது எனக்குப் பிடிக்கவில்லை. வாங்கச் சொல்லி வற்புறுத்தவில்லை என்றாலும், கல்லறைத் தோட்டத்தில் நின்றுவிட்டு வந்த மனசுக்கு அது ஒட்டவில்லை.

பெரிய குறை வேறு. நடை முழுக்கத் துரைமார்கள். கலெக்டர், பாதிரியார், தோட்டக்காரத் துரை, அவர்களுடைய வீடு, அவர்களுடைய கல்லறை. அவர்கள் வருவதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பிருந்தே இந்த மலையில் மலையாளிப் பழங்குடியினர் (கேரளத்து மலையாளிகள் இல்லை) இருக்கிறார்கள். காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்ட மூன்று அண்ணன் தம்பிகளில் பெரியவர் வந்து தங்கியது இந்தச் சேர்வராயன் மலை என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. உச்சியில் குகைக்குள் சேர்வராயனும் காவேரி அம்மனும் இருக்கிறார்கள். மே மாதத் திருவிழாவுக்குச் சுற்றுப்பட்டு மலைக்கிராமம் அத்தனையும் திரண்டு வரும். ஊரின் வரலாறு என்று நடத்தும் நடையில் இதற்கு இரண்டே வாக்கியம் என்றால் எப்படி? காபி வைக்கும்போது அந்தக் காடு யாருடையதாக இருந்தது, செடியை நட்டதும் பழத்தைப் பறித்ததும் யாருடைய கைகள் என்று கேட்க வேண்டாமா? லைன் வீட்டில் பிறந்தவரே சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்?

ஃபூட்டின் கதையையே இதற்குப் பாலமாக வைக்கலாம். பல்லாவரத்துக் கோடாரியைச் சொன்ன தம்பி, இந்தச் சேர்வராயன் மலையிலேயே தேய்த்து மெருகேற்றிய புதிய கற்காலக் கோடாரிகள் கிடைத்ததைச் சொல்லவில்லை. காட்டில் அகப்பட்ட அந்தக் கற்களை மலைமக்கள் சின்னச் சின்னக் கோயில்களில் சாமியாக வைத்துக் கும்பிட்டிருக்கிறார்கள். அறிஞர்கள் தேடி வந்து அட்டவணை போடுவதற்கு முன்பே, இது சும்மா கல் இல்லை என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. இதைவிட நல்ல கதை அந்த நடைக்குக் கிடைக்குமா?

இதையெல்லாம் ஏரிக்கரையில் டீ குடிக்கும்போது தம்பியிடமே நேரில் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "கேட்கிறவங்க எல்லாம் பேய் பங்களா எங்கே இருக்குன்னுதாம்மா கேட்கிறாங்க. நம்ம ஆளுங்க கதையைச் சொன்னா போனை எடுத்துப் பார்க்க ஆரம்பிச்சிடுறாங்க" என்றார். அவர் சொல்வதில் உண்மை இருக்கலாம். எங்கள் கூட்டத்திலேயே ஒரு பையன் மூன்று தடவை பேயைப் பற்றிக் கேட்டான். ஆனால் தண்ணீரை ஊற்றி எழுத்தை எழுப்பிக் காட்டியபோது அந்தப் பையன்தான் முதலில் குனிந்து படித்தான். சொல்கிற விதத்தில் சொன்னால் கேட்பார்கள் என்று அவரிடம் சொன்னேன். வாரம் ஒரு நாளாவது மலைக்கிராமத்துப் பெரியவர் ஒருவரையும் கூட அழைத்துக்கொண்டு, அவருக்கும் உரிய கூலியைக் கொடுத்து, சேர்வராயன் கோயில் வரை ஒரு தனி நடை வைக்கச் சொன்னேன். யோசிக்கிறேன் என்றார். வைத்தால் அதற்கும் முதல் ஆளாகப் பெயர் கொடுப்பேன்.

போக நினைப்பவர்களுக்கு: சனி, ஞாயிறு மட்டும்தான் நடக்கிறது, மே மாதக் கோடை விழா சமயத்தில் கூட்டத்தினால் நிறுத்திவிடுவாராம். ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்த ஒற்றையடிப் பாதை வழுக்கும், அட்டையும் ஏறும். தை, மாசிதான் சரியான காலம். ஸ்வெட்டர், பிடிமானம் உள்ள செருப்பு, தண்ணீர் பாட்டில் கட்டாயம். முழங்கால் வலி உள்ளவர்கள் தேவாலயத்தில் சேர்ந்துகொள்ளலாம், முதல் நாளே சொல்லிவிட்டால் அதற்கு ஏற்பாடு செய்கிறார். பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குப் பாதிக் கட்டணம். சேலத்திலிருந்து அன்றைக்கே போவதென்றால் முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் மற்றவர்கள் குளிரில் உங்களுக்காகக் காத்து நிற்பார்கள்.